குப்பை மேடு புகையும்போது



ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கடிதத்தில் குப்பையைப் பற்றி எதற்கு ஒரு பாடம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். குப்பை அள்ளுவது மாநகராட்சியின் வேலை, நோயைப் பார்ப்பது மருத்துவரின் வேலை என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் மாதக்கணக்கில் சுகமாக இருந்த ஓர் இளைப்பு நோயாளி திடீரென்று ஓர் இரவில் மூச்சுத் திணறி வந்து சேர்ந்தால், மருந்தை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. "உங்கள் வீட்டுப் பக்கத்தில் எங்கேயாவது குப்பை எரிகிறதா, ஐயா?" என்பதே அது. ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஊர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது சரியான வைத்தியம் ஆகாது.

ஓசூரை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடக எல்லையை ஒட்டி, பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊர் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் பெருகின. 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 1 லட்சத்து 16 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2019-ல் ஊர் மாநகராட்சி ஆயிற்று. ஊர் பெருகினால் குப்பையும் பெருகும். வீட்டுக் குப்பையோடு ரப்பர் துண்டு, எண்ணெய்த் துணி, பெயின்ட் டப்பா, பேக்கிங் தெர்மாகோல், வயர் மேலுறை என்று பட்டறைக் குப்பையும் சேருகிறது. சமையல்கட்டுக் குப்பை எரிவதும் இவை எரிவதும் ஒன்றல்ல.

இன்னொரு காரியமும் உண்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் பீடபூமியின் மேல் இருக்கிறது. கார்த்திகை முதல் மாசி வரை விடியற்காலைக் குளிர் எப்படியிருக்கும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று ஒரு மூடியைப்போல் படர்ந்து நிற்கும். சாதாரண நாளில் மேலெழும்பிக் கலைந்து போகிற புகை, அந்த மூடிக்குக் கீழே அகப்பட்டுக்கொண்டு, ஆள் உயரத்திலேயே தெருத்தெருவாய்ப் பரவும். காலையில் பனி என்று எண்ணி நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் பல நாள் பனியையும் புகையையும் சேர்த்தே சுவாசிக்கிறார்கள். மூக்கு அரித்து, தொண்டை கரகரத்தால் அது வெறும் பனி அல்ல.

தீ எப்படிப் பிடிக்கிறது?

குப்பை மேட்டில் தீப்பிடித்தால், யாரோ பீடி குடித்துவிட்டுப் போட்டிருப்பார்கள் என்பதுதான் முதலில் எழும் பேச்சு. அப்படியும் நடக்கிறது. பழைய இரும்பையும் செம்பையும் பிரித்தெடுக்க வயரையும் டயரையும் கொளுத்துவதும் நடக்கிறது. ஆனால் யாரும் தீ வைக்காமலேயே எரியக்கூடிய தன்மை குப்பை மேட்டுக்கு உண்டு என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோறு, காய்கறித் தோல், இலை, மாமிசக் கழிவு எல்லாம் பிளாஸ்டிக்கோடு கலந்து பல அடி உயரத்துக்குக் குவிந்துவிட்டால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் அந்த மக்கும் பொருளைத் தின்று மீத்தேன் என்ற வாயுவை வெளிவிடும். சாணி எரிவாயுக் கலத்தில் அடுப்பு எரிப்பதும் இதே வாயுதான். குப்பையிலிருந்து எழும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்தால் ஒரு சிறு பொறியும் போதும். மக்கும்போது உண்டாகும் உஷ்ணம் வேறு உள்ளே ஏறிக்கொண்டே போகும். இதற்கு மேல் சித்திரை வெயில். செல்போனிலும் பொம்மையிலும் இருக்கும் லித்தியம் பேட்டரி ஒன்று பொக்லைன் சக்கரத்தின் கீழ் நசுங்கினால் அதுவே தீக்குச்சி ஆகிவிடும்.

மேலே எரியும் தீயைவிட உள்ளே கனலும் தீ கொடியது. உமி மூட்டத்தில் நெருப்பு எப்படி ஊர்ந்துகொண்டே இருக்குமோ, அப்படியே குப்பைக்குள் சுடரில்லாமல் நாட்கணக்கில் ஊரும். மேலே தண்ணீர் பீய்ச்சினால் அணைந்ததுபோல் தோன்றும். மறுநாள் பத்தடி தள்ளிப் புகையும். ஆகவே பொக்லைன் கொண்டு தோண்டி, எரிகிற குப்பையைப் பரத்தி, நனைத்து, மண் போட்டு மூடினால்தான் அடங்கும். பிராண வாயு போதாமல் கனலுவதால் இந்தத் தீயிலிருந்து வரும் புகை, நன்றாகச் சுடர்விட்டு எரியும் தீயின் புகையைவிட அதிக விஷமுள்ளது. இது முக்கியம். "சும்மா லேசாகப் புகைகிறது, அவ்வளவுதான்" என்று சொல்கிற நாட்கள்தான் நெஞ்சுக்குக் கெட்ட நாட்கள்.

பெருங்குடி, வெள்ளலூர், பிரம்மபுரம்

நம் மாநிலத்திலேயே நடந்ததைப் பாருங்கள். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. பல்லாண்டுகளாக நகரின் தென்பகுதிக் குப்பை அங்கேதான் போயிற்று. 2022 ஏப்ரல் 27 அன்று அங்கே பற்றிய தீயை அணைக்கத் தீயணைப்பு வீரர்கள் நாட்கணக்கில் போராட வேண்டியிருந்தது. சுற்றிலும் வீடுகளும் கணினி நிறுவனங்களும் நிறைந்த இடம் அது. அதற்கு முந்தின நாள், ஏப்ரல் 26-ல், டில்லியின் பல்ஸ்வா குப்பை மலையிலும் தீ. ஒரே வாரத்தில் நாட்டின் இரண்டு பெருநகரங்கள் தங்கள் குப்பையின் புகையைச் சுவாசித்தன. அந்தச் சதுப்பு நிலமோ அதே 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில், இடம் பெற்றது. பறவைக்கு மரியாதை, பக்கத்திலேயே புகை!

2024 ஏப்ரலில் கோயம்புத்தூர் வெள்ளலூர் கிடங்கில் தீப்பிடித்து, அதுவும் ஒரே நாளில் அடங்காமல், சுற்றுவட்டார மக்களை வாட்டியது. கேரளத்தில் கொச்சிக்கு அருகே பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2-ம் தேதி பிடித்த தீ முழுதும் அணைந்ததாக அறிவிக்கப்பட்டது மார்ச் 13-ம் தேதி. பன்னிரண்டு நாள்! ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீர் கொட்டினார்கள். இரவும் பகலும் பொக்லைன்கள் தோண்டின. பள்ளிகளின் கீழ்வகுப்புகளுக்கு விடுமுறை விட்டார்கள். வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள், வந்தால் முகக்கவசம் போடுங்கள் என்று அறிவித்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2016 ஜனவரி இறுதியில் மும்பை தேவனார் கிடங்கில் எழுந்த புகையை வானத்திலிருந்து செயற்கைக்கோளே படம் பிடித்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஓசூரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூர் பெல்லந்தூர் ஏரியில் 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்தது. ஏரியில் தீயா என்று கேட்கலாம். காய்ந்த களைகளும், கரையில் கொட்டிய குப்பையும், கழிவு நீரில் ஊறிய எரிவாயுவும் சேர்ந்தால் தண்ணீரின்மேலும் தீ எரியும். 2018-ல் ராணுவ வீரர்களும் சேர்ந்துதான் அதை அணைத்தார்கள். அந்த ஏரித் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் அங்கே மலைபோல் பொங்கும் நுரையை நம் வாசகர்கள் பலர் நேரிலேயே பார்த்திருப்பார்கள். தண்ணீருக்கு மாநில எல்லை தெரியாது, புகைக்கும் தெரியாது.

புகையில் என்ன இருக்கிறது?

விறகுப் புகையில் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். "அந்தக் காலத்தில் அம்மா ஊதாங்குழல் ஊதாத அடுப்பா? எங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். விறகுப் புகையும் நல்லதல்ல. அடுப்படியிலேயே வாழ்ந்த எத்தனையோ தாய்மார்கள் பீடி சிகரெட் தொடாமலேயே முதுமையில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வருகிறார்கள். குப்பைப் புகை அதைவிட மோசம்.

முதலாவது, நுண்துகள். 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசு. ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். மூக்கு முடியும் சளியும் இதைத் தடுக்க முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போகும். அதில் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கும். ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்பது நம் நாடு 2009-ல் வகுத்த அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவோ 15 மட்டுமே. காற்றை அளக்கும் கருவிகள் ஊரில் ஒன்றிரண்டு இடத்தில் இருக்கும். அவை ஊரின் சராசரியைச் சொல்லும். உங்கள் தெருக்கோடியில் எரியும் குவியலின் அளவை அவை சொல்லாது. கைப்பேசியில் காற்றுத் தரம் "திருப்தி" என்று காட்டும்போதே ஒரு குழந்தை இருமிக்கொண்டிருக்கக்கூடும். கருவியை நம்புவதைவிட அந்தக் குழந்தையின் இருமலை நம்புங்கள்.

இரண்டாவது, கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராண வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், குழப்பம். இதில் ஒரு சிக்கல் உண்டு. கொரோனாக் காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு பிடித்த ஹீமோகுளோபினையும் பிராண வாயு பிடித்ததையும் அதனால் வேறுபடுத்திப் பார்க்க முடியாது. 98 என்றே காட்டும். அடர்த்தியான புகைக்குள் இருந்துவிட்டு வந்தவர் தலை சுற்றுகிறது என்றால், மீட்டரைப் பார்த்து வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். சாதாரணக் காற்றில் இந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் முழுப் பிராண வாயு கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும்.

இவற்றோடு, பி.வி.சி. குழாயும் வயர் உறையும் எரிந்தால் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு. தெர்மாகோல் எரிந்தால் ஸ்டைரீனும் கரும்புகையும். பெயின்ட், எண்ணெய், டயரிலிருந்து பென்சீனும் புற்றுநோய் உண்டாக்கும் வேறு பல பொருட்களும். பழைய பேட்டரியிலிருந்து ஈயம். வெளிக்காற்று மாசு புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2013-ல் திட்டவட்டமாக அறிவித்தது.

பால் குவளைக்கு வரும் புகை

டையாக்ஸின் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976-ல் இத்தாலியின் செவேசோ ஊரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை விபத்தில் இது பரவி உலகம் முழுவதும் பேச்சானது. குளோரின் உள்ள பொருள், முக்கியமாக பி.வி.சி., குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும்போது இது உண்டாகிறது. 850 டிகிரிக்கு மேல் முறையாக எரித்தால் அழிந்துபோகும். குப்பை மேட்டிலோ தெருவோரக் குவியலிலோ அந்தச் சூடு கிடைப்பதில்லை. ஆக, டையாக்ஸின் உற்பத்தி செய்வதற்கு நாமே ஏற்பாடு செய்ததுபோல் ஆகிறது.

இதை மூச்சில் இழுப்பதைவிட உணவில் உண்பதே அதிகம். மனிதர் உடலில் சேரும் டையாக்ஸினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவின் வழியாக, அதிலும் மாமிசம், பால், மீன் வழியாக வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சாம்பல் புல்லில் படிகிறது. மாடு அதை மேய்கிறது. மாடு குப்பை மேட்டிலேயே மேய்ந்தால் கேட்கவே வேண்டாம். கொழுப்பில் தங்கும் பொருளாகையால் பாலில் இறங்குகிறது. உடலுக்குள் வந்தது பாதியாகக் குறைய 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும்.

இது வெறும் ஊகமல்ல. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் நாடுகளின் திறந்தவெளிக் குப்பைக் கிடங்குகளின் மண்ணையும், அவற்றுக்கருகே வாழும் தாய்மாரின் பாலையும் சோதித்து 2003, 2004-ம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்தியாவிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் நம் பெருங்குடி. அங்கே வாழ்ந்த தாய்மாரின் பாலில் டையாக்ஸின் வகை நஞ்சுகள் கூடுதலாக இருந்தன. அதற்குப் பசும்பாலும் எருமைப்பாலும் ஒரு வழியாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். கிடங்கருகே மேயும் மாட்டின் பாலை வாங்கிக் குடித்த ஏழைத் தாய்மார்கள் அவர்கள். பால் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று நாம்தானே அவர்களுக்குச் சொன்னோம்?

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பாலூட்டுவதை நிறுத்திவிடக்கூடாது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்கிறோம். தாய்ப்பாலால் குழந்தைக்கு வரும் நன்மை இந்த ஆபத்தைவிடப் பலமடங்கு பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையும் அதுவே. மாட்டைக் குப்பையில் மேயவிடாமல் பார்ப்பதே செய்ய வேண்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒன்றிரண்டு கறவை மாட்டை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பயமுறுத்தினால் அவர்கள் பிழைப்பு போய்விடும்.

யாருக்கு அதிக ஆபத்து?

குழந்தைகளுக்கு. பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விட்டால், கைக்குழந்தை 30 முறைக்கு மேலும் விடும். எடையோடு ஒப்பிட்டால் அது இழுக்கும் காற்று நம்மைவிட அதிகம். கர்ப்பிணிகளுக்கு நுண்துகளால் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. இளைப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், காசநோய் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இதய நோயாளிகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நுண்துகள் கூடிய நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட உண்மை. புகை அடங்கிய மறுநாள் நெஞ்சில் பாரம் என்று ஒருவர் சொன்னால், "புகைதான் போய்விட்டதே" என்று தள்ளிவிட வேண்டாம்.

இவர்கள் எல்லாரையும்விட அருகில் நிற்பவர்கள் வேறு சிலர். குப்பை பொறுக்கி விற்றுப் பிழைப்போர், தூய்மைப் பணியாளர், தீயணைப்பு வீரர். குப்பை பொறுக்குகிற பெண்ணுக்குப் புகை வந்தால் வேலை நிற்காது. எரிந்த இடத்தில் இரும்பு சுலபமாகக் கிடைக்கும் என்பதால் கூடத்தான் போவார். அவருக்கு முகக்கவசம் போடச் சொல்லும் அறிவிப்பு எட்டுவதில்லை, இ.எஸ்.ஐ. அட்டையும் கிடையாது. இருமலோடு மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை இலவசம் என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

புகை வரும் நாளில்

கதவு சன்னலைச் சாத்துங்கள்; கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். புகை குறைந்ததும் உடனே திறந்து காற்றோட்டம் விடுங்கள். அடைத்தே வைத்தாலும் கெடுதல். அந்த நேரத்தில் வீட்டுக்குள் கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, சிகரெட் எதுவும் வேண்டாம். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கைக்குட்டையும் புடவைத் தலைப்பும் நுண்துகளைத் தடுக்காது. என்-95 வகை முகக்கவசம் முகத்தோடு பொருந்தினால் துகளை நன்றாகத் தடுக்கும். ஆனால் கார்பன் மோனாக்ஸைடு போன்ற வாயுவை அதுவும் தடுக்காது. ஆகவே கவசம் போட்டிருக்கிறோம் என்று தீக்கருகே வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது. பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். ஓடும்போது பல மடங்கு காற்று உள்ளே போகும். தண்ணீர்த் தொட்டியை மூடிவையுங்கள். கீரையும் காயும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவப்பட வேண்டும்.

இளைப்பு உள்ளவர்களுக்குத் தனியாக. இன்ஹேலரைப் பற்றி நம் மக்களிடம் ஒரு பயம் இருக்கிறது: "பம்பு பிடித்தால் பழகிவிடும், பிறகு விடவே முடியாது, பெண் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது." இது தவறு. மாத்திரையில் கொடுப்பதைவிட மிகக் குறைந்த மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் இன்ஹேலரே பாதுகாப்பானது. தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தைப் புகை நாளில் ஒருவேளைகூட விடக்கூடாது. நிவாரண இன்ஹேலர் கையிலேயே இருக்கட்டும். ஸ்பேசர் வைத்து எடுத்தால் குழந்தைக்கும் முதியவருக்கும் மருந்து வீணாகாது. பேச்சு முழு வாக்கியமாக வராமல் துண்டு துண்டாக வந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, குழந்தையின் விலா எலும்புக்கிடையே சதை உள்ளிழுத்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் சுகம் இல்லாமல் இருந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் ஒரு பெண்மணியின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். பெங்களூரின் புறநகரில் வசித்த அல்மித்ரா பட்டேல் தம் வீட்டருகே நகரத்துக் குப்பை கொட்டப்படுவதைக் கண்டு, ஊர் ஊராகப் போய்க் குப்பைக் கிடங்குகளைப் பார்த்து, 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் பலனாகவே 2000-ம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. வழக்கு பிறகு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிக்கத் தடை வந்தது: சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். இருபது ஆண்டுகள் விடாமல் நடந்த வழக்கு அது. ஆனால் ஓசூரிலோ வேறெங்கோ தெருவில் குப்பை கொளுத்தியதற்கு 5,000 ரூபாய் கட்டிய ஒருவரை நீங்கள் பார்த்ததுண்டா?

எல்லை ஊருக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. ஒரு பக்கத்துக் குப்பையை இரவோடிரவாக மறுபக்கத்தில் கொட்டிவிட்டால் கேட்பாரில்லை என்ற எண்ணம். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டிருந்தது தெரிந்து, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, லாரிகளில் ஏற்றித் திரும்ப எடுத்துப் போக வைத்தது. ஊர்க்காரர்கள் படம் எடுத்துக் கூச்சல் போட்டதால் நடந்த காரியம் அது. பெங்களூரின் குப்பையைச் சுமந்த மண்டூர் கிராமத்தாரும் போராடித்தான் 2014 முடிவில் தங்கள் ஊர்க் கிடங்கை மூட வைத்தார்கள். கிடங்கு மூடினால் குப்பை மறைந்துவிடாது, இன்னொரு கிராமத்தைத் தேடும் என்பதையும் மறக்கக்கூடாது.

தீ வராமல் தடுக்கும் வழி, மக்கும் குப்பையைப் பிளாஸ்டிக்கோடு கலக்காமல் இருப்பது. மக்குவது மேட்டுக்குப் போகாவிட்டால் மீத்தேன் இல்லை. பிளாஸ்டிக் போகாவிட்டால் எரிபொருள் இல்லை. வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன் என்பவர் இப்படித் தரம் பிரித்துக் காசாக்கும் முறையைப் பல ஊர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அதைப் பின்பற்றிய சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் வீடுவீடாகக் குப்பை வாங்கிப் பிரிக்கிறார்கள்; பழைய குப்பை மேடு இருந்த இடம் பூங்கா ஆயிற்று. ஏற்கெனவே குவிந்துவிட்ட மேடுகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை பெருங்குடியில் செய்யப்பட்டது. அது செலவு பிடிக்கும், வருடங்கள் ஆகும். முதலிலேயே பிரித்திருந்தால் அந்தச் செலவே இல்லை.

நம் ஆலய வளாகங்களிலும்

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான ஒன்று. பண்டிகை முடிந்த மறுநாள் நம்முடைய ஆலய வளாகங்களின் மூலையில் என்ன நடக்கிறது? கிறிஸ்துமஸ் குடிலின் தெர்மாகோல், ஜிகினாத் தாள், பிளாஸ்டிக் நட்சத்திரம். அசன விருந்தின் மெழுகு பூசிய டம்ளரும் தட்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரு குவியலாக்கிக் கோயில் பிள்ளை ஒரு தீக்குச்சி கிழித்துப் போடுவார். பக்கத்திலேயே ஞாயிறு பள்ளி. அவரைக் குறை சொல்ல முடியாது; வேறென்ன செய்ய வேண்டும் என்று நாம் அவருக்குச் சொன்னதில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பதும் பல சபைகளின் விருந்து ஏற்பாட்டில் நினைவுக்கு வருவதில்லை.

ஓலையும் வைக்கோலும் கொண்டு குடில் கட்டினால் முடிந்தபின் மாட்டுக்குப் போடலாம். எவர்சில்வர் டம்ளர் நூறு வாங்கி வைத்துவிட்டால் பல வருட விருந்துக்கு ஆகும். கழுவ வாலிபர் சங்கத்தார் இருக்கிறார்கள். வாழையிலையும் காய்கறிக் கழிவும் வளாகத்திலேயே மூன்றடிக் குழி ஒன்றில் போட்டு, ஒவ்வொரு தடவையும் மேலே கொஞ்சம் மண்ணும் காய்ந்த இலையும் தூவி வந்தால், இரண்டு மூன்று மாதத்தில் உரமாகிவிடும். ஓசூர் ரோஜாவுக்கு நல்ல உரம். பழைய பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மருந்து ஆகியவற்றை ஒரு தனி டப்பாவில் சேர்த்து மாநகராட்சியின் வண்டிக்காரரிடம் "இது வேறு" என்று சொல்லிக் கொடுங்கள். அவர் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டினால் சண்டை வேண்டாம்; சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் குப்பை எரிவதைக் கண்டாலும் அப்படியே: தேதி, நேரம், இடம், எத்தனை மணி நேரம் எரிந்தது, யாருக்கெல்லாம் மூச்சுத் திணறியது என்று எழுதிக் கொடுத்தால், அதே இடத்தில் மூன்றாம் முறை எரியும்போது அதிகாரியால் தெரியாது என்று சொல்ல முடியாது.